ஐடிலிங்ல உதறுற வண்டியும் கண்டுபிடிக்கிற கூலியும்

மக்களே, இது கார் பத்தின பதிவு. கார் இல்லாதவங்களும் தாராளமா படிக்கலாம். விஷயம் கடைசில கூலியைப் பத்தினதுதான் :-)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பழைய வண்டி நின்ன இடத்துல உதறுச்சுன்னா நம்ம பக்கம் ரெண்டே வைத்தியம்தான். ஒண்ணு, ஸ்க்ரூவைத் திருகி ரேஸைக் கூட்டி விட்டு அனுப்புறது. ரெண்டு, பிளக், வயர், கேப், கார்பரேட்டர்னு வரிசையா மாத்திக்கிட்டே போறது. ரெண்டுலயும் நோய் என்னன்னு யாரும் பாக்கிறதில்ல. இதுக்கு மெக்கானிக்கைத் திட்டிப் பிரயோசனம் இல்லைங்க. கண்டுபிடிக்கிற வேலைக்கு யாரும் காசு கொடுக்கிறதில்ல, அதனால அந்த வேலை நடக்கிறதில்ல.

தேனி, கம்பம் பக்கம் இது சொகுசுப் பிரச்சினையும் இல்ல. லோயர் கேம்ப்ல இருந்து குமுளிக்கு ஏறுறீங்க, இல்லாட்டி போடியில இருந்து போடிமெட்டுக்கு. வளைவுல மேல இருந்து பஸ்ஸோ, தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்போ வந்தா ஒதுங்கி நிக்கணும். கால் எடுத்ததும் இஞ்சின் அணைஞ்சா என்ன ஆகும்? பூஸ்டர் இருக்கிற வண்டின்னா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். அதுக்குப் பயந்து ரேஸைக் கூட்டி வச்சா, இறக்கத்துல இஞ்சின் பிடிச்சு நிறுத்துறது குறைஞ்சு போகும். பெட்ரோல் குடிக்கிறது தனி.

எங்க வீட்ல இருக்கிறது 98 மாடல் மாருதி 800. ஏறக்குறைய என் வயசு. கார்பரேட்டர் வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர். இந்த மூணுங்கிற எண்ணிக்கை முக்கியம். 900 ஆர்பிஎம்ல நாலு சிலிண்டர் இஞ்சின் வினாடிக்கு 30 தடவை வெடிக்கும், மூணு சிலிண்டர் 22.5 தடவைதான். அதனால கொஞ்சம் அதிர்வு இதுக்குப் பொறவிக்குணம். ஆனா ஒரு சிலிண்டர் படுத்துட்டா வினாடிக்கு 15 ஆயிடும். அப்ப வர்ற உதறலே வேற.

கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் கேள்வி, ஒரு சிலிண்டர் மட்டும் நோயாளியா, இல்ல மூணுமேவா? ஐடிலிங்ல வச்சு, இன்சுலேஷன் உள்ள பிளையரால பிளக் வயரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும். நல்ல சிலிண்டரோட வயரைக் கழட்டினா இஞ்சின் இன்னும் மோசமா தடுமாறும். எதைக் கழட்டினா ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

அப்படி ஒண்ணு சிக்கிடுச்சுன்னா, அதோட பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. கோளாறும் கூடவே போச்சுன்னா பிளக்தான் குற்றவாளி. போகலைன்னா வயரை மாத்திப் பாருங்க. அதுக்கும் அசையலைன்னா கம்ப்ரஷன் பாக்கணும். டப்பெட் இறுக்கமா இருந்து வால்வு முழுசா மூடாம இருக்கலாம். இது வரைக்கும் புது ஸ்பேர் எதுவும் வாங்கலை, கவனிச்சீங்களா?

மூணுமே ஒரே மாதிரி சோர்ந்திருந்தா கதை வேற. ஐடிலிங்ல தடுமாறி, ரேஸ் கொடுத்தா சரியாச்சுன்னா, எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுதான்னு சந்தேகப்படணும். ஐடிலிங்ல இஞ்சின் இழுக்கிற காத்து கொஞ்சம்தான், அதுல சின்ன ஓட்டை கூட பெரிய பங்கு. ரேஸ் கூடினா அந்தப் பங்கு சுருங்கிடும். கார்பரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு, வேக்குவம் ஹோஸ் முனைகள்ல லேசா தண்ணி தெளிச்சா, ஓட்டை இருக்கிற இடத்துல இஞ்சின் சத்தம் மாறும். வயர், டிஸ்டிரிபியூட்டர் பக்கம் மட்டும் தண்ணி படக்கூடாது. சத்தம் ஒரே சீரா இருந்து, ஸ்டீயரிங் மட்டும் ஆடுதுன்னா, இஞ்சினை விட்டுட்டு மவுண்டிங் ரப்பரைப் பாருங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு விசேஷமும் இருக்கு. போடியில இருந்து போடிமெட்டு கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏத்தம். காத்தோட அடர்த்தி பத்து சதவீதம் போல குறையும், கார்பரேட்டருக்கு அது தெரியாது. கலவையில பெட்ரோல் தூக்கலாகி, மேல போனதும் கொஞ்சம் கரகரன்னு ஓடும். அது நோய் இல்ல. அங்க நின்னு ஸ்க்ரூவைத் திருகினா கீழ வந்ததும் வேற தொல்லை. எம்பிஎஃப்ஐ வண்டி இதைத் தானே சரி பண்ணிக்கும். போதாததுக்கு இப்ப ஈ20 பெட்ரோல் வேற. எத்தனால்ல ஆக்சிஜன் உள்ளயே இருக்கிறதால பழைய கார்பரேட்டர்ல கலவை எதிர்த்திசையில, அதாவது பெட்ரோல் பத்தாத பக்கம் போகும். பழைய ரப்பர் ஹோஸுக்கும் அது ஆகாது.

எங்க 800 உதற ஆரம்பிச்சப்ப ஒரு ஷெட்ல, கார்பரேட்டரையே மாத்தணும், இல்லைன்னா வண்டியைத் தள்ளிவிட்டுருங்கன்னாங்க. சின்னமனூர்ல இன்னொரு அண்ணன் ஒரு மணி நேரம் மேல சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணா பாத்தார். மேனிஃபோல்டுல சொருகியிருந்த ஒரு வேக்குவம் ஹோஸ் முனையில வெடிப்பு. விரல் நீளத்துக்குப் புது ஹோஸ், கதை முடிஞ்சது. கூலி கேட்டா ஹோஸ் காசு மட்டும் போதும்னுட்டார். “சும்மா பாத்ததுக்கு என்னங்க காசு?”

அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவே. நாங்க பொட்டி தட்டுறவங்க ரெண்டு நாள் லாகைப் பாத்துட்டு ஒரே ஒரு வரி மாத்துவோம். வரிக் கணக்குல யாரும் எங்களுக்குச் சம்பளம் போடறதில்ல. புது வண்டியில ஸ்கேனர் சொருகினா அதுக்குன்னு தனி பில் வருது, மறுபேச்சு இல்லாம கட்டறோம். முப்பது வருஷமா பழக்கின காதை வச்சு ஒருத்தர் கேட்டா அது “சும்மா பாத்தது”. ஹோஸ்ல கிடைக்கிற லாபத்துல அவர் எப்படிப் பொழைப்பார்? கார்பரேட்டர் மாத்திவிட்ட ஷெட்டுதான் நிலைக்கும். நல்ல காது இருக்கிறவரோட பையன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான்.

“பழைய வண்டி வச்சிருக்கவன்கிட்ட ஏதுங்க காசு, இதுக்கு வேற தனியா கொடுக்கணுமா?”ன்னு கேப்பீங்க. நியாயம்தான். 15 வருஷம் தாண்டின காரை மறுபதிவு பண்ண 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ரூபா, 20 வருஷம் தாண்டினா 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000. அதைக் கட்டி வண்டியை வச்சிருக்கவன் தேவையில்லாம ஒரு கார்பரேட்டர் வாங்குறதை விட, ஒரு மணி நேரக் கூலி கொடுக்கிறது மலிவு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா மிச்சம் அவனுக்குத்தான்.

அடுத்த தடவை ஷெட்டுக்குப் போனா “என்னண்ணே மாத்தணும்?”னு கேக்காதீங்க. “எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”ன்னு கேளுங்க. பதில் சொல்ல முடிஞ்சவருக்கு, ஸ்பேர் எதுவும் மாத்தலைன்னாலும் கூலி கொடுத்துட்டு வாங்க.

பி.கு: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிற வண்டியில பிளக் வயரைக் கழட்டிப் பாக்கிற சோதனையை நீட்டாதீங்க. எரியாத பெட்ரோல் அதுக்குள்ள போயி அதைக் கெடுத்துடும். அப்புறம் அதுக்கு ஒரு செலவு.