உம்மாவின் சலவை இயந்திரம்

உம்மா காலத்துச் சலவை இயந்திரத்தை மகள் வீட்டுக்குச் சரக்கு வேனில் அனுப்பப் போகிறீர்களா? "கனமானதுதானே, அசையாது" என்பார் வண்டிக்காரர். நம்பிவிடாதீர்கள். முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில் துணி சுழலும் தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பலவற்றில் அதனோடு கான்கிரீட் கட்டியும் உண்டு. வண்டி ஒரு குழியில் இறங்கினாலே தொட்டி ஊசலாடி உள்ளே மோதும். புதிதாக வந்தபோது பின்புறம் முடுக்கியிருந்த போல்ட்டுகள் இதைத் தடுக்கத்தான். (அவற்றை நம்மில் யார் பத்திரப்படுத்தினோம்?) அதே வகைப் போல்ட் கிடைக்காவிடில், மெக்கானிக்கைக் கொண்டு மேல்மூடியைக் கழற்றி, தொட்டியைச் சுற்றிப் பழைய போர்வைகளை இறுகத் திணிக்கச் செய்யுங்கள்.

குழாயில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். படுக்கவைக்காமல், ஓட்டுநர் அறைச் சுவரோடு நிமிர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கயிறு கதவை அழுத்தலாகாது. இன்ஷா அல்லாஹ், பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் போல்ட்டையும் போர்வையையும் எடுத்த பின்னரே இயக்குமாறு மகளிடம் இன்றே கூறிவையுங்கள்.