நம்ம ஊர்ல ஒரு ஒற்றர்!

ஸ்பை படத்துக்கு ஒரு ஃபார்முலா உண்டு. கூலிங் கிளாஸ், கோட்டு, துரத்தும் ஹெலிகாப்டர், கூடவே உலக மேப்பில் இல்லாத ஒரு நாடு. 1986-ல் வந்த கமலின் 'விக்ரம்' படத்தில்கூட சலாமியா என்று ஒரு கற்பனை ராஜ்ஜியம் வரும். திருடு போன ஏவுகணையைத் தேடி ஹீரோ அங்கே போவார். இல்லாத நாட்டு உளவாளிகளை எல்லாம் விசிலடித்துப் பார்த்த நாம, ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டுட்டோம். அசல் ராணுவ உளவுத்துறையில் வேலை பார்த்த ஓர் ஆள் ஏழு வருஷம் டேரா போட்ட ஊர், நம்ம தருமபுரி!

யாருன்னு மண்டையைக் குடையாதீங்க. சென்னை தீவுத்திடல் பக்கம், சேணமும் இல்லாமல் கால் வைக்க வளையமும் இல்லாமல் குதிரை மேல் கம்பீரமா உட்கார்ந்திருக்காரே, தாமஸ் மன்றோ... அவரேதான். 'ரயத்துவாரி முறை, சிறுகுறிப்பு வரைக'ன்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதே மன்றோ. 1820-லிருந்து 1827-ல் இறக்கும்வரை மதராஸ் கவர்னர். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த கதைதான் செம சுவாரஸ்யம்.

1780 ஜனவரி. கிளாஸ்கோ பையன் மன்றோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர மதராஸில் வந்து இறங்கறார். வயசு பதினெட்டு. அதாவது நாம ஃபர்ஸ்ட் இயர்ல 'ராகிங் இருக்குமா'ன்னு பயந்துக்கிட்டே கேட்டைத் தாண்டின வயசு. இறங்கி சில மாசத்திலேயே ஐதர் அலி பெரும் படையோட மலையிறங்கி வந்துட்டார். கம்பெனி தயாராவே இல்லை. செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூர். கர்னல் பெய்லியின் படையை மைசூர்ப் படை சுத்தி வளைச்சு நொறுக்குது. காஞ்சிபுரத்திலேயே இன்னொரு கம்பெனிப் படை இருந்தது. அதன் தளபதி ஹெக்டர் மன்றோ (நம்மாளு இல்லை, வேற மன்றோ) நேரத்துக்குப் போய்ச் சேரலை. கடைசியில் பீரங்கிகளைக் கோயில் நகரத்துக் குளத்தில் தள்ளிட்டுப் பின்வாங்கினார். அந்தப் படையில்தான் நம்ம பத்தொன்பது வயசு தாமஸ் இருந்தார்.

பீரங்கி இருந்தது, ஆள் இருந்தது. கம்பெனிக்கு இல்லாதது ஒண்ணே ஒண்ணு. தகவல்! எதிரி எங்கே இருக்கான், எந்த வழியா வர்றான், கூட வரும் வழிகாட்டி யாரோட ஆளு... எதுவும் சரியாத் தெரியலை. ஐதருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது.

அடுத்த சீனுக்கு வருவோம். 1788-ல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நடத்திய உளவுப் பிரிவில் மன்றோ உதவியாளரா சேர்றார். உளவுப் பிரிவுன்னதும் பாஸ்வேர்டு, ரகசிய அறை எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. மெயின் வேலையைப் பார்த்தது ஹர்க்காராக்கள். தபாலும் கொண்டு ஓடுவாங்க, உளவும் பார்ப்பாங்க. நம்ம மண்ணோட ஆளுங்க. சம்பளம் மட்டும் கம்பெனியோடது. 'இந்தக் கணவாயில் பீரங்கி வண்டி ஏறுமா? எந்த ஏரியில் தண்ணி இருக்கு? எத்தனை மாட்டுக்குப் புல் கிடைக்கும்? எந்தச் சந்தையில் அரிசி இருக்கு?' இதுதான் அந்தக் காலத்து டாப் சீக்ரெட்.

'புல்லும் தண்ணியும் ஒரு ரகசியமா?'ன்னு சிரிக்கறவங்களுக்கு ஒரு கதை. 1791 மே மாசம். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல்வரை போயிட்டார். ஆனா வண்டி மாடுகள் கொத்துக்கொத்தாச் சாகுது, சாப்பாடு தீர்ந்து போச்சு. பெரிய பீரங்கிகளைத் தானே உடைச்சுப் போட்டுட்டுத் திரும்பறார். திரும்பற வழியில் ஒரு குதிரைப்படை எதிரே வருது. எதிரின்னு பார்த்தா, அவருக்கு உதவ வந்த மராத்தியர்கள்! தானியத்தோட வந்துக்கிட்டிருந்த கூட்டாளிப் படை அவ்வளவு பக்கத்தில் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. காரணம்? திப்புவின் குதிரைவீரர்கள் தூது போன ஆட்களை எல்லாம் வழியிலேயே மடக்கிட்டாங்க. இன்னைக்குப் பாஷையில் சொன்னா, திப்பு மொத்த ஏரியாவுக்கும் சிக்னலை கட் பண்ணிட்டார்.

இருந்தாலும் 1792-ல் திப்பு உடன்படிக்கைக்கு வர வேண்டியதாப் போச்சு. பாதி ராஜ்ஜியம், மூணு கோடியே முப்பது லட்சம் ரூபாய், பிணையா ரெண்டு மகன்கள். அப்படிக் கைமாறியதில் ஒண்ணுதான் பாராமகால். அதாவது நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்.

இங்கேதான் ட்விஸ்ட். புதுசாப் பிடிச்ச சீமையை நிர்வாகம் பண்ண கார்ன்வாலிஸ் யாரை அனுப்பினார்? மதராஸ் சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் பாஷை தெரியலைன்னு ஓரங்கட்டிட்டு, பட்டாளத்து ஆட்களை அனுப்பினார். தலைமை, உளவுப் பிரிவு ரீட். அவருக்குக் கீழே மூணு ராணுவ உதவியாளர்கள். நடுப்பகுதி மன்றோ கையில், இருப்பிடம் தருமபுரி. அவர் இங்கே தோட்டம் எல்லாம் போட்டு, அதைப் பத்தி வீட்டுக்கு லெட்டர் எழுதியிருக்கார்.

நேத்துவரை ஊரை வேவு பார்த்தவங்க, இன்னைக்கு ஊரை அளக்கறாங்க. அன்னைக்குக் கேட்ட கேள்விகளும் கிட்டத்தட்ட அதேதான். எத்தனை ஏரி, எந்த மண், என்ன பயிர், யார் நிலம்? அன்னைக்குப் பதில் தளபதிக்குப் போச்சு. இப்போ வரிக்கணக்குக்குப் போச்சு. ஜமீனை நடுவில் வைக்காமல் உழவர்கிட்டேயே நேரா வரி வாங்கற ரயத்துவாரிக்கு இங்கேதான் அஸ்திவாரம். ரீட் கூட்டணி எழுதிக் குவித்த அறிக்கைகள் பிறகு 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று அச்சாச்சு. நம்ம தாத்தாவுக்குத் தாத்தா எந்த நிலத்தில் என்ன விதைச்சார்னு வெள்ளைக்காரன் எழுதி வெச்சுப் போயிருக்கான்.

1799-ல் கடைசி மைசூர்ப் போர். மே 4, திப்பு கொல்லப்பட்டார். ஏழு வருஷமா அளந்து வெச்ச பாராமகால்தான் அப்போ கம்பெனிக்கு மைசூரின் வாசப்படி.

'வெள்ளைக்காரன் புத்திசாலி'ன்னு முடிக்க நான் இதை எழுதலை மக்களே. இந்த வித்தை நமக்குப் புதுசே கிடையாது. திருக்குறளில் 'ஒற்றாடல்'னு தனி அதிகாரமே இருக்கு. ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார், ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் வை, மூணு பேர் சொல்றதும் ஒத்துப்போனா நம்பு என்கிறார் வள்ளுவர். நம்ம தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வையார், அவனோட ஆயுதச் சாலையைச் சுத்திப் பார்த்துட்டு என்ன சொன்னார்? 'உன் வேல்கள் எல்லாம் நெய் பூசி, மயில்பீலி சூட்டி பளபளன்னு இருக்கு. எங்க ஆளோடது முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில் கிடக்கு' என்ற அர்த்தத்தில் ஒரு பாட்டு. புகழ்ற மாதிரி ஒரு குத்து! யாருக்குப் போர்ப் பழக்கம் அதிகம்னு ஒரே பார்வையில் எடை போட்ட பாட்டி அவர்.

அதே அதிகாரத்தில் வள்ளுவர் இன்னொண்ணும் சொல்றார். ஒற்றனுக்கு எல்லார் முன்னாடியும் பரிசு கொடுக்காதே, கொடுத்தா ரகசியம் வெளியே போயிடும். ரொம்பச் சரி. ஆனா அதோட விலை என்ன தெரியுமா? ரீட் பெயர் தெரியும், மன்றோவுக்குக் குதிரையோட சிலையே இருக்கு. கணவாய் கணவாயா ஏறி இறங்கின ஹர்க்காராவுக்கு ஒரு நடுகல்கூட கிடையாது. அவன் யாரு? கூலிக்குப் போனவனா, திப்பு மேல் கோபமா, வீட்டில் பசியா? துரோகின்னு ஒரே வார்த்தையில் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஆனா அவன் கொண்டு போய்க் கொடுத்தது நம்ம ஏரியோட கணக்கு, நம்ம மலையோட வழி. அது மட்டும் உறுத்துது.

இந்தக் கதையைப் படிச்சதும் என் கிளாஸ் பசங்ககிட்ட ஒரு சின்ன குவிஸ் வெச்சேன். 'உங்க ஊர் ஏரி பேர் என்ன? அதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது? நிரம்பினா எங்கே போகும்?' பெங்களூருக்கு எத்தனை மணிக்கு எந்த பஸ்னு தூக்கத்தில் கேட்டாலும் சொல்ற பசங்க, மூணாவது கேள்வியில் பேந்தப் பேந்த முழிச்சாங்க. 1792-ல் இதே கேள்விக்கு கிளாஸ்கோக்காரர் கையில் பதில் இருந்தது.

நாம எல்லாம் படிச்சு முடிச்சு ஓசூர், பெங்களூர்னு வண்டி ஏறப் போறவங்கதான். தப்பே இல்லை. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டாவது நம்ம ஊரையே கொஞ்சம் உளவு பாருங்களேன். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற தாத்தாகிட்ட ரெண்டு கேள்வி போதும்.

ரிப்போர்ட்டை யாருக்கு அனுப்பறதுன்னு கேட்கறீங்களா? எங்கேயும் அனுப்ப வேணாம். நீங்களே வெச்சுக்கோங்க!