மடியில் கனம் இருக்கத்தான் செய்யும்

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு?" செய்தித் தளத்தின் சர்வரையோ நிருபரின் செல்போனையோ போலீஸ் அள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் இந்தப் பழமொழிதான் வந்து விழுகிறது. தப்பு செய்யாதவர் கொடுத்துவிட்டுப் போகட்டுமே, பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்களே என்கிறார்கள். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார்கள்.

பத்திரிகையாளரின் மடியில் எப்போதும் கனம் இருக்கும். பிறர் நம்பிக் கொடுத்துவைத்த கனம் அது. அதைக் காப்பாற்றத்தான் அவர் பயப்பட வேண்டியிருக்கிறது.

மரக்காணத்தை எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதம் அங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் போனார்கள். அதன் பிறகு மரக்காணம் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட், விழுப்புரம் எஸ்.பி. சஸ்பெண்ட், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றம். எல்லாம் பிணம் விழுந்த பிறகு.

விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு பெண் வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த யூடியூப் நிருபருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, எங்க பக்கம் சாராயம் விக்கிறாங்க. யாரு விக்கிறாங்கன்னு ஊருக்கே தெரியும், ஸ்டேஷனுக்குத் தெரியாதா? எம் பேரு மட்டும் வெளிய வந்துடக் கூடாதுண்ணே." அந்தப் பதிவில் அவர் குரல் இருக்கிறது, எண் இருக்கிறது, அனுப்பிய நேரம் இருக்கிறது. செய்தி வெளியாகி, "அவதூறு" என்று ஒரு புகார் வாங்கி, நிருபரின் போனைப் பறிமுதல் செய்தால் அதைத் திறந்து பார்ப்பது யார்? எந்த ஸ்டேஷன் பதில் சொல்ல வேண்டுமோ, அதே ஸ்டேஷன். நிருபர் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பெண் மறுநாளும் அதே ஊரில்தான் இருந்தாக வேண்டும்.

இது வெறும் கற்பனைப் பயம் என்பவர்கள் சென்னையைப் பார்க்கட்டும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். போலீஸின் சொந்த இணையதளத்திலேயே பார்வைக்குக் கிடந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. ஆனால், யாருடைய போன் போனது? நிருபர்களின் போன். உயர் நீதிமன்றம் அமைத்த புலனாய்வுக் குழுதான் பறிமுதல் செய்தது. திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் 2025 பிப்ரவரியில் அதே உயர் நீதிமன்றம்தான் தலையிட வேண்டியிருந்தது. ஓட்டை அரசின் கணினியில், சோதனை பத்திரிகையாளரின் பையில்.

டெல்லியில் 2023 அக்டோபர் 3 அன்று 'நியூஸ்கிளிக்' தளத்தோடு தொடர்புடைய 46 பேரை விசாரித்து, லேப்டாப்பும் போனுமாக வாரிக்கொண்டு போனார்கள். ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா உபா சட்டத்தில் உள்ளே போனார். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்காததால் அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஏழு மாதம் சிறை. அந்த ஏழு மாதத்துக்கு எந்த அதிகாரி, எந்த அமைச்சர் பதில் சொன்னார்?

"பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்" என்ற நம்பிக்கைக்கு 2004இல் லண்டனில் கிடைத்த பாடம் இன்னும் மோசம். 'இண்டிமீடியா' என்ற சுதந்திர ஊடகத்தின் சர்வர்கள் அந்த அக்டோபரில் எடுக்கப்பட்டதில் 20க்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே வீச்சில் முடங்கின. சில நாளில் திரும்பியும் வந்தன. யார் உத்தரவு, எதற்காக என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மறுவருடம் நீதிமன்ற ஆவணங்கள் வெளிவந்தபோதுதான் விஷயம் தெரிந்தது: இத்தாலிய விசாரணைக்காக அமெரிக்க அதிகாரிகள் கேட்டிருந்தது சர்வரின் லாக் பதிவுகளை மட்டுமே. போனதோ மொத்த சர்வரும். நம் ஊரில் 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் தளம் முழுவதும் முடக்கப்பட்டது, முறையான உத்தரவு பிறப்பதற்கு முன்பே. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தளம் மீண்டது, அதுவும் அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு.

அப்படியானால் பத்திரிகையாளர் என்ற அட்டை வைத்திருப்பவர் மிரட்டிப் பணம் பறித்தாலும் தொடக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகத் தொடலாம். புகாருக்கு ஆளான அதிகாரியின் துறை தன்னிஷ்டப்படி தொடக் கூடாது என்பதுதான் பேச்சு. எந்தக் கோப்பு வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதி நீதிபதியிடம் உத்தரவு வாங்கட்டும். அந்தக் கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு கருவியை உரியவரிடமே விடட்டும். தகவல் தந்தவரின் அடையாளத்துக்கு இன்று நம் சட்டத்தில் இருக்கும் காப்பு, 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தில் அந்தக் கவுன்சில் விசாரணைக்கு மட்டும் பொருந்தும் ஒரு உட்பிரிவு. ஸ்டேஷன் வாசலில் அது செல்லாது. அதை நாடாளுமன்றம் விரிவுபடுத்தட்டும். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கருவிப் பறிமுதலுக்கு வழிகாட்டு நெறி வேண்டும் என்று மத்திய அரசிடம் சொல்லியிருக்கிறது.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். பறிமுதல் தவறு என்று நீதிமன்றம் சொன்னால், உத்தரவிட்டவரின் பெயர் சட்டமன்றத்தில் வாசிக்கப்பட வேண்டும். இழப்பீடு கருவூலத்திலிருந்து மட்டும் அல்லாமல் அவர் சம்பளத்திலிருந்தும் போக வேண்டும். ஓட்டு கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும் நாம் இதைக் கேட்டதில்லை. கேட்காத வரை எல்லாக் கட்சிக்கும் அது வசதி.