"பணக்கார வியாதி" என்று சிரித்த தோழருக்கு



சென்ற மாதம் எங்கள் மில் வாயிலில் நடந்த கூட்டத்தில், நான் சங்கத்திடம் கொடுத்திருந்த ஒரு மனுவைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது ஒரு தோழர் எழுந்து சொன்னார்: "உழைக்கிறவன் உடம்பில் சதை போடுமா? இது பணக்கார வியாதி. வயிற்றை அறுத்து எடையைக் குறைப்பதெல்லாம் சினிமாக்காரர்கள் வேலை. இதற்கு லீவு வேண்டும் என்று சங்கம் கேட்டால் முதலாளி சிரிப்பான்."

கூட்டமும் சிரித்தது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன். ரிங் பிரேமில் சைடு பார்ப்பவள் நான். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 2023 ஆகஸ்டில் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவள். யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துதான் எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி சிரிப்பான் என்று பயந்து கோரிக்கையை மடித்து வைக்கும் வழக்கம் நம் சங்கத்தில் எப்போது வந்தது? எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் அவன் சிரித்தான். போனஸ் கேட்டபோதும் சிரித்தான். போகட்டும். தோழரின் வாதத்துக்கு வருவோம்.

உழைப்பவன் பருக்க மாட்டான் என்கிறார். உண்மை என்ன? சர்க்காரே எடுத்த கணக்கைப் பாருங்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். 2015-16ல் இது 31. ஆண்களிலும் 100க்கு 37 பேர். இந்த நாற்பது பெண்களும் பங்களாவாசிகளா? தமிழ்நாட்டில் அத்தனை பங்களா எங்கே இருக்கிறது, தோழரே?

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. நம் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. சதை உண்டு, ரத்தம் இல்லை! இது விருந்து உண்ட உடம்பா?

என் உடம்பு எப்படி இப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டு. முழு நைட்டு முடிந்து வந்தால் பிள்ளைகளை எழுப்பி, சோறாக்கி, பள்ளிக்கு அனுப்பி, தண்ணீர் பிடித்து, துணி துவைத்துத் தலை சாய்க்கும்போது மணி பதினொன்று. இரண்டு மணிக்குச் சின்னவன் எழுந்துவிடுவான். மூன்று மணி நேரத் தூக்கம். தூக்கம் கெட்டால் பசி கூடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அது எனக்கு டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடு இரவு இரண்டு மணிக்குக் கேண்டீனில் கிடைப்பது என்ன? சர்க்கரை கொட்டிய டீ, பன், வர்க்கி, போண்டா. வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு, பாமாயில் தாளிப்பு, பேருக்குக் குழம்பு. பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போகும் மிச்சம் யார் வயிற்றுக்குப் போகிறது? காசு போட்டு வாங்கியதைக் கொட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வயல் வேலைக்குப் போகும் சகோதரிகளின் கதையும் இதுதான். அறுப்புக்கு மெஷின் வந்தது, வேலை நாள் குறைந்தது. தட்டில் விழும் சோறு மட்டும் மாறவில்லை.

ரேஷன் அரிசியைக் குறை சொல்கிறாள் என்று யாரும் திரிக்க வேண்டாம். 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் வரும் அந்த அரிசிதான் பல வீடுகளில் அடுப்பு எரியக் காரணம். அரிசியோடு பருப்பும் முட்டையும் காய்கறியும் வாங்கக் கூலி எங்கே என்பதுதான் என் கேள்வி.

அடுத்து, "வாயைக் கட்டினால் போதாதா?" என்கிறார்கள். கட்டிப் பார்த்தேன், ஐயா! என் உயரம் 150 சென்டிமீட்டர். எடை 89 கிலோ இருந்தபோது இரண்டு வருஷம் இரவுச் சாப்பாட்டை விட்டேன், சர்க்கரையை விட்டேன். 11 கிலோ குறைந்தது. அடுத்த ஒன்றரை வருஷத்தில் 14 கிலோ ஏறி 92ல் நின்றது. மன உறுதி இல்லாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் எடை குறைக்கும் டெலிவிஷன் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து விஞ்ஞானிகள் பரிசோதித்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. உடம்பு பட்டினியைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, எரிப்பதைச் சுருக்குகிறது, பசியைப் பெருக்குகிறது. நிபுணர்களும் சமையல்காரர்களும் பயிற்சியாளர்களும் சுற்றி நின்றவர்களுக்கே அந்தக் கதி என்றால், மூன்று ஷிப்டுக்காரி எம்மாத்திரம்?

எனக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது வயது 31. முதலில் மாத்திரை, பிறகு இன்சுலின் ஊசி. தூக்கத்தில் மூச்சு அடைத்துக் கொண்டு எழுவேன். ஒரு நாள் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. பக்கத்துச் சைடுக்காரி கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் விரல்கள் இருந்திருக்காது. என் அம்மாவும் மில்லுக்குப் போனவர்தான். சர்க்கரையில் ஒரு கால் போய், 52 வயதில் செத்தார். அந்தக் கட்டிலைத் துடைத்தவள் நான். ஆபரேஷன் பற்றி டாக்டரம்மா முதலில் சொன்னபோது என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 3. கணக்குப் போட்டேன். அம்மாவின் வயதில் நானும் போனால் பையனுக்குப் பதினேழு.

அழகுக்காகச் செய்தாளாம்! கண்ணாடி பார்க்க எங்களுக்கு ஏது நேரம்?

தீர்மானிப்பது சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். நல்ல கைகளில் இந்த ஆபரேஷனில் உயிர் போவது ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான் என்றார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அந்த ஒன்றுதான் காதில் விழும். தையல் போட்ட இடம் கசியலாம், ரத்தம் போகலாம், கால் நரம்பில் ரத்தம் உறையலாம். "நீ செத்துப்போவியா அம்மா?" என்று மகள் கேட்டாள். இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் பி.எப். வாரிசுப் படிவத்தைத் திருத்தினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி தங்கையிடம் சொல்லி வைத்தேன். பணக்காரப் பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் இப்படியா போவார்கள்?

இனி வியாபாரிகளைப் பற்றி. பஸ் முதுகில் படம் பார்த்திருப்பீர்கள். "முன்", "பின்" என்று இரண்டு உருவம், கீழே போன் நம்பர். நானும் முதலில் அப்படி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். கேட்டது நாலு லட்சம். என் சர்க்கரை எவ்வளவு, மூச்சு அடைப்பு எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். மாதத் தவணைக் கடனுக்கு ஆள் அங்கேயே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்! ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. தாலியை அடகு வைத்து வா, தளதளவென்று திரும்பிப் போ என்பதுதான் அவர்கள் வைத்தியம். இந்தக் கும்பலைத் தோழர் கண்டித்திருந்தால் நானே முதலில் கை தட்டியிருப்பேன். அவர் வியாபாரியை விட்டுவிட்டு நோயாளியைப் பிடித்தார்.

வேடிக்கையைப் பாருங்கள்! பணம் கொடுக்காமலிருக்க ஆயிரம் வழி தேடும் இன்சூரன்ஸ் கம்பெனிகளே இதை முழுக்க அழகுக் கணக்கில் தள்ள முடியவில்லை. 2019ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி என்ன? டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, இருதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சடைப்பு போன்றவை கூட இருக்க வேண்டும். பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை, மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்து வரும் எண். 92ஐ ஒன்றரையால் இரண்டு தடவை வகுத்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டும். கம்பெனி ஒப்புக்கொள்ளும் நோயைச் சங்கத் தோழர் ஒப்புக்கொள்ள மாட்டாராம்!

கடைசியில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் காத்திருந்து செய்துகொண்டேன். அங்கேதான் டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல ஆக்குகிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு அதிகம் ஊறும் பகுதியும் அதோடு போகிறது. குடலைத் திருப்பி இணைக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதை 1966லேயே அமெரிக்காவில் எட்வர்டு மேசன் என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தார். ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய ஆராய்ச்சியில் இப்படிப்பட்ட ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் பல வருஷம் கவனித்தார்கள். 2007ல் முடிவு வந்தது. செய்துகொள்ளாதவர்களில் 129 பேரும், செய்துகொண்டவர்களில் 101 பேரும் இறந்திருந்தார்கள். 28 உயிர், தோழரே. அதில் எத்தனை பேர் தாய் தகப்பன்களோ!

ஆபரேஷன் ஒரு பொழுதில் முடிந்துவிட்டது. கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் இரண்டு வாரம் தண்ணீராகத்தான் குடிக்க வேண்டும். மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப்பு, அதுவும் மடக்கு மடக்காக. பிறகு குழைந்தது, பிறகு மெதுவானது. ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. என் பையன் 13 கிலோ. கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவான். "அம்மா உட்காரட்டும், நீ வந்து ஏறிக்கோ கண்ணு" என்று சொல்லிப் பழக்கினோம். முதல் பத்து நாள் அவனுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்து அழுதான்.

என் வீட்டுக்காரர் முதல் மூன்று நாள் சமைத்தார். நாலாம் நாள் "இன்று கொஞ்சம் முடியுமா?" என்றார். கெட்டவர் அல்ல, அவரும் உழைக்கிறவர்தான். ஆனால் தாய் படுத்திருந்தால் வீடு நோயில் விழுந்தது போலவும், தகப்பன் படுத்திருந்தால் வீடு அவருக்குப் பணிவிடை செய்வது போலவும்தானே நம் குடும்பங்கள் நடக்கின்றன! நான் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே எது எங்கே இருக்கிறது என்று சொன்னேன். இப்போது அவர் வைக்கும் ரசம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

மில்லில் என்ன நடந்தது? சூப்பர்வைசர் சொன்னார்: "அழகுக்கு அறுத்துக்கொண்டு வந்தால் அதற்கு லீவா? ஐந்தாம் வாரம் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம்." இ.எஸ்.ஐ.யில் தகுதியுள்ள தொழிலாளிக்கு டாக்டர் சான்றின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும் என்பது எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. நாளைக்கு 500 ரூபாய் கூலியென்றால் 350. பிச்சையல்ல, நம் கூலியில் மாதாமாதம் பிடித்த பணம். தெரியாததால் ஐந்தாம் வாரமே போனேன். பாபின் கூடையை நான் தூக்காதபடி பக்கத்துச் சைடுப் பெண்கள் இருவர், சூப்பர்வைசர் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு மாதம் எனக்காகத் தூக்கினார்கள். அந்தக் கைகள் இல்லாவிட்டால் தையல் பிரிந்திருக்கும்.

இன்றைக்கு 66 கிலோ. இன்சுலின் ஊசி நின்றது, ஒரு மாத்திரை பாக்கி. மூச்சடைப்பு இல்லை. ஆனால் பூராவும் நலம் என்று கதை அளக்கமாட்டேன். நாலாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இரும்புச் சத்து, பி12, கால்சியம் மாத்திரைகளை விட முடியாது. ஏற்கெனவே ரத்தசோகையுள்ள நம் பெண்கள் அதை விட்டால் நடக்கவே முடியாமல் போகும். ஒன்றரை வருஷம் வரை கர்ப்பம் கூடாது என்றார்கள். அரை மணிச் சாப்பாட்டு நேரத்தில் கியூவில் நின்று, மீதியில் அவசரமாக விழுங்கினால் வாந்திதான்.

எல்லோரும் வயிற்றை அறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. பலருக்கு அது தேவையில்லை, சிலருக்கு அது ஆபத்து. எடை குறைக்கும் ஊசிகள் 2025ல் நம் நாட்டுக்கு வந்தன. அந்த வருஷம் மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விலை, நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது. அதை யார் வாங்குவார்கள் என்று நானே சொல்ல வேண்டுமா? யாருக்கு எது தேவை என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். சம்பளச் சீட்டு தீர்மானிக்கக் கூடாது, கூட்டத்தின் சிரிப்பும் தீர்மானிக்கக் கூடாது.

மனுவில் கேட்டது இவ்வளவுதான். மில்லில் ஆண்டுக்கொரு முறை எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தேவைப்பட்டவர்களுக்கு இந்த ஆபரேஷனை இ.எஸ்.ஐ. செலவில் செய்ய வேண்டும், மாத்திரைகளையும் அங்கேயே தர வேண்டும். ஆறு வாரம் முழுதாக லீவு, திரும்பி வந்ததும் பாரமில்லாத வேலை. நைட்டு ஷிப்டுக் கேண்டீனில் பன்னுக்குப் பதில் முட்டையும் சுண்டலும். இ.எஸ்.ஐ. இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு இதே வைத்தியம் ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இதுவரை 43 கையெழுத்து விழுந்திருக்கிறது. கூட்டத்தில் சிரித்தவர்களில் பதினேழு பேர் அதில் இருக்கிறார்கள். ஒருவர் தன் மனைவிக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று என்னைத் தனியாகக் கேட்டார். அந்தத் தோழருடைய கையெழுத்துக்காக முதல் வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.