இறாலுக்கும் முறை வரட்டும்!

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. காரணம், அரை கிலோ இறால்!

விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்தான் வாங்கி வந்தேன். என் மனைவி அதை முறத்தில் கொட்டினாள். எல்லாம் பொடி. ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சட்டியில் விழுந்தது ஒரு கைப்பிடி!

"இது இறால் இல்லை; இறால் குஞ்சு. பிடித்தவர் மீதும் தப்பு. வாங்கி வந்தவர் மீதும் தப்பு" என்றாள்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அவள் சொன்னது சரி என்றே படுகிறது.

பழவேற்காட்டு ஏரி

அந்த இறால் பழவேற்காட்டில் பிடித்தது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. அங்கே உள்ள ஏரி உவர்நீர் ஏரி. அதாவது, ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த ஏரி. இந்தியாவில் இவ்வகை ஏரிகளில் இது இரண்டாவது பெரியது. ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிதான் முதலாவது. பழவேற்காட்டு ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென் பகுதி நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த ஏரி மூச்சு விடுகிறது என்றால் நம்புவீர்களா? ஆம்! ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறுகிறது. இரண்டு முறை வற்றுகிறது. ஏறும்போது கடல் நீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. வற்றும்போது ஏரி நீர் கடலுக்குப் போகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த இழுப்பு அதிகம்.

தாய் வீடு கடல், வளரும் வீடு ஏரி

இறால் முட்டையிடுவது கடலில். ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் ஏறும் நீரோடு ஏரிக்குள் வந்து சேரும். அங்கே நீர் ஆழமில்லை. அலை இல்லை. சேற்றில் தீனி உண்டு. தொட்டில் குழந்தை போல அங்கே சில மாதம் வளரும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். ஆரணி ஆறு வெள்ளத்தைக் கொண்டு வந்து ஏரியில் சேர்க்கும். ஏரி நீரில் உப்பு குறையும். உடனே வளர்ந்த இறால்கள் வற்றும் நீரோடு கடலை நோக்கிக் கிளம்பும். அங்கே போய் முட்டையிட்டால்தான் அடுத்த தலைமுறை!

மடவை மீனும் அப்படித்தான். ஏரியில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். முட்டை சுமந்த கழி நண்டும் கடலைத் தேடிப் போகும்.

ஆகவே மழையும் குளிரும் உள்ள மாதங்கள் ஏரி மீனவர்களுக்கு அறுவடைக் காலம். வற்றும் நீரோட்டத்துக்குக் குறுக்கே கழிகளை நட்டு வலை கட்டுவார்கள். இருள் கவிந்ததும் இறால் ஓட்டம் தொடங்கும். வாடைக் காற்றில் உடல் நடுங்கும். ஆனாலும் நீரை விட்டு ஏற முடியாது. இருளர் பெண்கள் வலையும் இல்லாமல், சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பறி. அவ்வளவுதான் அவர்கள் முதல்!

பாடு என்னும் முறை

இந்த மீனவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அதற்குப் பெயர் 'பாடு'.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் கிடைக்காது. முகத்துவாரத்துக்கு அருகில் அதிகம். சில இடங்களில் குறைவு. பலசாலி நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஏழை என்ன செய்வான்? அதற்காகத்தான் ஊர் கூடிச் சீட்டுப் போடுகிறார்கள். இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு என்று முறை வைக்கிறார்கள். தன் முறை வரும் வரை மற்றவன் காத்திருப்பான். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இப்படிச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் வழக்கம் உண்டு.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாடு உரிமை சில ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்களுக்கு மனத்தாங்கல் இருக்கிறது. அதைப் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் 'எனக்கு இன்று, உனக்கு நாளை' என்ற எண்ணம் இருக்கிறதே, அது பெரிய விஷயம்.

என் கேள்வி இதுதான். மனிதனுக்கு முறை வைத்தோம். இறாலுக்கு முறை வைத்தோமா?

ஒரு சின்னக் கணக்கு

பொடி இறாலில் 400 சேர்ந்தால் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 400-ஐயும் பிடிக்காமல் விட்டால் எல்லாம் பிழைத்துவிடுமா? பிழைக்காது. பெரிய மீன் தின்னும், பறவை தின்னும். நாலில் ஒன்றுதான் தப்பிப் பிழைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 100 இறால் மிஞ்சும். வளர்ந்த வெள்ளை இறால் 50 சேர்ந்தால் ஒரு கிலோ. அப்படியானால் இரண்டு கிலோ! விலையோ பொடியைவிட அதிகம். லாபம் யாருக்கு? மீனவருக்குத்தான்!

"கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு உலை கொதிக்க வேண்டுமே!" என்று அவர் கேட்டால்?

நியாயமான கேள்வி. சில ஆண்டுகளில் கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுகிறது. கடல் நீர் உள்ளே வர வழியில்லை. குஞ்சும் வர வழியில்லை. வலை வெறுமையாகத் திரும்புகிறது. அப்படிப்பட்டவர் சிறுகண்ணி வலையை எடுத்தால், அவரை மட்டும் குற்றம் சொல்வது அழகல்ல.

யார் என்ன செய்வது?

அரசு செய்ய வேண்டியது முதலில். முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஏரியில் கழிவு கலக்கக் கூடாது. தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணமும் தருகிறார்கள். ஏரியிலும் குஞ்சுகள் வளரும் நாட்களில் சிறுகண்ணி வலையை நிறுத்தி, அதற்கு ஈடாக உதவித் தொகை கொடுக்கலாமே! எந்த நாட்கள் என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஏரியை அறிந்த மீனவர்களையும், இருளர் பெண்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மீனவர் கடமை. சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் ஊர்க் கூட்டத்தில், வலைக் கண்ணி இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு சேர்க்கலாம். ஊர்க் கட்டுப்பாட்டை மீறுகிறவர்கள் குறைவு!

மூன்றாவது நாம். ஆம், கூடையோடு கடைக்குப் போகும் நீங்களும் நானும்தான்! வாங்குகிறவர் இருக்கும் வரை பிடிக்கிறவரும் இருப்பார். மலிவு என்று நான் வாங்கினேனே, அந்தக் காசுதான் அடுத்த நாள் சிறுகண்ணி வலையை ஏரியில் இறக்கியது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சிறியதெல்லாம் குஞ்சு அல்ல. கூனி இறால் வளர்ந்தாலும் சிறியதுதான். நெத்திலியும் அப்படியே. அவற்றைத் தாராளமாக வாங்கலாம். பெரிதாக வளரக்கூடிய இறாலும் மீனும் பொடியாக இருந்தால்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

இந்த வாரமும் நான் கடைக்குப் போனேன். அதே பொடி இறால் குவிந்திருந்தது. "மலிவு சார்!" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். வளர்ந்ததும் வாங்குகிறேன்" என்றேன்.

அதே காசுக்குப் பெரிய இறாலாகக் கால் கிலோதான் கிடைத்தது. குழம்பில் ஆளுக்கு நாலு துண்டு. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

நாளைய குழந்தைகளின் தட்டிலும் அந்த நாலு துண்டு இருக்க வேண்டாமா?