பிடிபட்டான்! செத்தான்! பிறக்கவே இல்லை!
ஈராக் போரில் ஒரு மர்மத் தலைவனைப் பற்றி வந்த விசித்திரச் செய்திகள்

ஈராக் நாட்டில் ஒரு கலகக்காரத் தலைவன் இருந்தான். 2007 மார்ச்சில் அவன் பிடிபட்டுவிட்டான் என்றார்கள். மே மாதம், "செத்துவிட்டான்" என்றார்கள். ஜூலையில், "அப்படி ஒரு ஆளே கிடையாது" என்றார்கள். 2009-ல் மறுபடியும் பிடிபட்டான் என்றார்கள். 2010-ல் மறுபடியும் செத்தான் என்றார்கள்.

இப்படிச் சொன்னவர்கள் டீக்கடையில் வம்பு பேசுகிறவர்கள் அல்ல. ஈராக் சர்க்காரும் அமெரிக்க ராணுவமும்தான்!

இதைப் படித்த ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "இவர்கள் சொல்வதில் எதை நம்புவது?" என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள்.

யார் அந்த ஆள்?

அவன் பெயர் அபு உமர் அல் பாக்தாதி. 2006 அக்டோபரில் ஈராக்கின் தீவிரவாதக் கூட்டங்கள் சில ஒன்றுசேர்ந்து, "ஈராக் இஸ்லாமிய அரசு" என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டன. அதன் தலைவன் என்று அவனை அறிவித்தன.

அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. குரல் மட்டும் ஒலிப்பதிவில் வந்தது.

அவன் பெயரும் துப்புக் கொடுக்கவில்லை. "அபு உமர்" என்றால் உமரின் தந்தை. "அல் பாக்தாதி" என்றால் பாக்தாத்காரன். நம் ஊரில் ஒருவரை "முருகன் அப்பா, மதுரைக்காரர்" என்று மட்டும் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதே கதைதான்!

"அவன் ஒரு நடிகன்!"

2007 மார்ச்சில் ஈராக் உள்நாட்டு இலாகா, "பாக்தாதி பிடிபட்டான்" என்று அறிவித்தது. மறுநாளே, "பிடிபட்டது வேறு ஆள்" என்று வாபஸ் வாங்கியது.

மே மாதம், "சண்டையில் பாக்தாதி செத்தான்" என்றது. அமெரிக்க ராணுவம் மறுத்தது. செத்தவன் அதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொருவன் என்று தெரிவித்தது.

ஜூலை 18-ந் தேதி அமெரிக்க ராணுவமே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. பிரிகேடியர் ஜெனரல் கெவின் பெர்க்னர் நிருபர்களைக் கூட்டினார். "பாக்தாதி என்று ஒருவனும் இல்லை. அது கற்பனைப் பாத்திரம். ஒலிப்பதிவில் பேசுவது ஒரு நடிகன்" என்ற கருத்துப்பட அறிவித்தார்.

இதற்கு ஆதாரம்? மோசுல் நகரில் ஜூலை 4-ந் தேதி பிடிபட்ட அல் மஷ்ஹதானி என்ற கைதி கொடுத்த வாக்குமூலம்! அந்தக் கூட்டத்தை உண்மையில் நடத்துவது எகிப்து நாட்டானான அல் மஸ்ரி என்பவன். அந்நியன் தலைவன் என்றால் ஈராக் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள். அதனால் ஒரு ஈராக் பெயரை உண்டாக்கினார்கள் என்று விளக்கம் சொல்லப்பட்டது.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பலர் சந்தேகப்பட்டார்கள். கைதி சொன்னது உண்மை என்பதற்கு என்ன சாட்சி? கலகம் முழுவதும் அந்நியர் வேலை என்று காட்டுவது அமெரிக்க ராணுவத்துக்கும் சவுகரியம்தானே என்று கேட்டார்கள்.

மறுபடியும் கைது!

2009 ஏப்ரலில், "பாக்தாதியைப் பிடித்துவிட்டோம்" என்று ஈராக் ராணுவம் அறிவித்தது. பிரதமர் நூரி அல் மாலிகியும் அதை உறுதி செய்தார். போட்டோ வெளியிட்டார்கள். மே மாதம் டெலிவிஷனில் வாக்குமூலமும் காட்டினார்கள்.

கலகக்காரர்கள், "பொய்! எங்கள் தலைவர் வெளியில்தான் இருக்கிறார்" என்றார்கள். புது ஒலிப்பதிவும் வந்தது. அமெரிக்க ராணுவமோ இந்தக் கைதை உறுதி செய்யவே இல்லை.

ஆகஸ்ட் 19-ந் தேதி பாக்தாதில் சர்க்கார் அலுவலகங்கள் அருகே குண்டுகள் வெடித்தன. சுமார் 100 பேர் செத்தார்கள். அக்டோபர் 25-ந் தேதி மறுபடியும் வெடித்தன. 150 பேருக்கு மேல் செத்தார்கள். "நாங்கள்தான் செய்தோம்" என்று அதே கூட்டம் அறிவித்தது.

"தலைவன் சிறையில் இருக்கிறான்" என்று கேட்டு நிம்மதி அடைந்த குடும்பங்கள் எத்தனை இருக்கும்! பயம் தெளிந்து ஆபீசுக்கும் கடைக்கும் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! போர்க்காலத்தில் தவறான ஒரு செய்தி, காகிதத்தில் மட்டும் இருக்கும் தவறு அல்ல.

கடைசியில் உண்மை

2010 ஏப்ரல் 18-ந் தேதி திக்ரித் நகருக்கு அருகே ஒரு வீட்டை ஈராக், அமெரிக்கப் படைகள் வளைத்தன. பாக்தாதியும் அல் மஸ்ரியும் செத்தார்கள். மறுநாள் மாலிகி பிணங்களின் படத்தைக் காட்டினார். இந்தத் தடவை அமெரிக்க ராணுவமும் உறுதி செய்தது. சில நாளில் கலகக்காரர்களே, "ஆம், இருவரும் இறந்துவிட்டார்கள்" என்று ஒப்புக்கொண்டார்கள்.

செத்தவன் யார்? ஹமீத் அல் சாவி. ஹதிதா என்ற ஊரில் முன்பு போலீசில் வேலை பார்த்தவன். பாக்தாத்காரன் என்பதும் பொய்! "ஆளே கிடையாது" என்று சொன்ன அமெரிக்க ராணுவம், மூன்று வருஷத்துக்குள் அவன் சாவை உறுதி செய்ய வேண்டியதாயிற்று.

முன்பே வந்த சந்தேகம்

ஜனங்களின் சந்தேகம் திடீரென்று முளைத்தது அல்ல. 2003 ஜூலையில் சதாம் உசேனின் மகன்கள் உதய், குசாய் இருவரும் மோசுல் நகரில் கொல்லப்பட்டார்கள். அது உண்மை. ஆனாலும் ஈராக் மக்களில் பலர் நம்பவில்லை. சதாமுக்குப் போலி ஆள்கள் உண்டு என்ற பேச்சு நெடுநாளாக நாட்டில் இருந்தது. ஆகவே அமெரிக்க ராணுவம் பிணங்களின் படங்களை வெளியிட்டது. பிறகு முகத்தைச் சீராக்கி, நிருபர்களை அழைத்து நேரிலேயே காட்டியது.

அடுத்து ஜர்காவி. ஜோர்டான் நாட்டான். "அவனுக்கு ஒரு கால் இல்லை, வெட்டி எடுத்துவிட்டார்கள்" என்று அமெரிக்க அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். 2006 ஜூன் 7-ந் தேதி குண்டுவீச்சில் அவன் செத்தபோது இரண்டு காலும் இருந்தன!

அவன் 2004-ல் ஈராக் படையிடம் பிடிபட்டதாகவும், யார் என்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் ஈராக் துணை மந்திரி ஒருவர் 2005-ல் சொன்னார்.

2006 ஏப்ரலில் "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகை இன்னொரு விஷயத்தை வெளியிட்டது. ஜர்காவியை உள்ளதைவிடப் பெரிய ஆளாகக் காட்ட அமெரிக்க ராணுவம் பிரசாரம் நடத்தியது என்று ராணுவத்தின் உள் காகிதங்களைக் காட்டி எழுதியது. பிரசாரம் யாரைப் போய்ச்சேர வேண்டும் என்ற பட்டியல் ஒன்றில் அமெரிக்க மக்களின் பெயரும் இருந்தது.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டது அல்ல

கலகக்காரர்கள் மட்டும் அரிச்சந்திரர்களா? இல்லை. ஆப்கானிஸ்தானில் தாலிபான் தலைவர் முல்லா உமர் 2013-ல் இறந்தார். அதை மறைத்து, இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் பெயரில் அறிக்கை விட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015 ஜூலையில்தான் உண்மை வெளிவந்தது.

அதே நாட்டில் இன்னொரு வேடிக்கை. மன்சூர் என்ற தாலிபான் தலைவர் சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நம்பி, ஒருவரைக் காபூலுக்கு அழைத்துப் பேசினார்கள். பணமும் கொடுத்தார்கள். அவர் மன்சூரே அல்ல என்று 2010 நவம்பரில் அம்பலமாயிற்று. பாகிஸ்தானில் கடை வைத்திருப்பவர் என்று பத்திரிகைகள் எழுதின!

ஏன் இப்படி?

காரணம் மூன்று. ஒன்று: மறைந்து வாழ்கிறவன் உண்மைப் பெயர் சொல்லமாட்டான், முகம் காட்டமாட்டான். இரண்டு: தகவல் தருகிறவன் கைதி, அல்லது பரிசுக்கு ஆசைப்பட்டவன். ஜர்காவியின் தலைக்கு இரண்டரைக் கோடி டாலர் பரிசு! மூன்று: வெற்றிச் செய்தி எந்தச் சர்க்காருக்கும் தேவை. அவசரத்தில் அறிவித்துவிட்டு ஆற அமர விசாரிக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? "புலி வருகிறது" கதைதான். பல தடவை ஏமாந்தவன், உண்மையில் புலி வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஜனங்கள் நம்பாவிட்டால் நிஜமான எச்சரிக்கையும் வீணாகும்.

அதற்காக எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. உதய், குசாய் செத்தது நிஜம். 2010-ல் பாக்தாதி செத்ததும் நிஜம்.

ஆகவே இப்படிப்பட்ட செய்தி வந்தால் நான்கு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். சொல்வது யார்? இப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? கைதியின் பேச்சைத் தவிர வேறு சாட்சி உண்டா? எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டதா?

2009-ல் வந்த கைதுச் செய்தியை இந்த நான்கு கேள்வியில் போட்டுப் பாருங்கள், நிற்காது. 2010-ல் வந்த சாவுச் செய்தியைப் போட்டுப் பாருங்கள், நிற்கும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். போர்க்காலச் செய்திக்கு இதைவிட நல்ல தராசு இல்லை.