பின்பல்லும் பின்புத்தியும்

முதல்லயே சொல்லிடறேன், நான் பாம்பு நிபுணன் கிடையாது. பி.காம் முடிச்சிட்டு 20 வருஷத்துக்கு மேல வங்கியில ஆணி புடுங்கற சாதாரண ஆபீசர். பாம்புன்னா படத்துல பார்த்தாலே காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்கற ஜாதி. ஆனா போன மழைக்காலத்துல எங்க குடியிருப்புல நடந்த ரெண்டு விஷயம் மனசை அரிச்சிக்கிட்டே இருக்கு. கொட்டித் தீர்த்துடறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது புனேக்கு வெளியே முல்ஷி போற பக்கம். பின்னால குன்று. மழை ஆரம்பிச்சா பாம்பு வராம என்ன செய்யும்?

முதல் சம்பவம் ஜூலையில. செம்பருத்தி வேலியில ஒரு பச்சைப் பாம்பு. பென்சில் பருமன், கூர்மூக்கு. மராத்தியில 'ஹரண்டோள்'னு சொல்றாங்க. நம்ம ஊர்ல கண்கொத்திப் பாம்பு. ஊர்லேருந்து வந்திருந்த எங்கம்மா ஜன்னல்லேருந்து, "கண்ணைக் கொத்திரும்டா, விடாதே"ன்னு ஒரே சத்தம். ஒரு காலேஜ் பையன் மட்டும், "அங்கிள், அடிக்காதீங்க, அது பல்லி, ஓணான் திங்கற பாம்பு"ன்னு கெஞ்சினான். யார் கேட்டா? வைப்பர் கட்டையால நாலு அடி. முடிஞ்சது.

அது கண்ணைக் கொத்தாதுங்க. பார்வை கூர்மையான பாம்பு. கண்மணி குறுக்குவாட்டுல சாவித்துவாரம் மாதிரி இருக்கும். ரெண்டு கண்ணாலயும் முன்னால பார்த்து தூரத்தைக் கணக்குப் போடும். பயந்தா வாயை அகலமாத் திறந்து காட்டும். கிளையில முகத்துக்கு நேரா இருக்கறதால அது நம்ம கண்ணையே குறி வைக்கற மாதிரி ஒரு பிரமை. அந்தப் பிரமையை வெச்சு ஒரு பழமொழி வேற உண்டாக்கி, 'கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கறேன்'னு பெருமை அடிச்சுக்கறோம்.

அதுக்காக அது சுத்த அப்பாவியும் இல்ல. அதுக்கும் விஷம் உண்டு. இங்கதான் விஷயமே இருக்கு.

நல்ல பாம்பு, விரியனுக்கெல்லாம் விஷப்பல் வாய்க்கு முன்னால இருக்கும். உள்ளே துளை, ஊசி மாதிரி. சுரப்பியைத் தசை அழுத்தும், விஷம் சர்ருனு இறங்கும். பச்சைப் பாம்பு, பூனைப் பாம்பு வகைகளுக்கு மேல்தாடையில பின்னால பெரிசா பல்லு. துளை இல்ல, ஓரத்துல வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம்தான். அழுத்தமும் கம்மி. அதனால கடிச்சதை விடாம மென்னு மென்னுதான் விஷத்தை இறக்கணும். மனுஷனுக்கு வழக்கமா வீக்கம், வலி, கொஞ்சம் கன்னிப்போறது, அவ்வளவுதான்.

'மைல்டு வெனம்'னு சொல்றது இதைத்தான். யாருக்கு மைல்டு? நமக்கு. பூனைப் பாம்பு இனத்துல தென்கிழக்காசியாவுல இருக்கற ஒண்ணோட விஷத்துல பறவை நரம்பைக் குறிபார்த்து அடிக்கற நச்சு இருக்குன்னு 2006ல ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. எலி கிட்ட அது பெரிசா வேலை செய்யாது. அந்த விஷம் பலவீனமானது இல்ல, விலாசம் வேற. அவ்வளவுதான்.

இந்த 'மைல்டு' எங்கேருந்து நம்ம வீட்டுக்குள்ள வந்தது? எங்க வீட்டு விஷயத்தையே சொல்றேன். என் பொண்ணு யூட்யூப்ல ஹாக்னோஸ்னு ஒரு அமெரிக்கப் பாம்பு வீடியோவாப் பார்ப்பா. பன்னி மாதிரி தூக்கின மூக்கு. பயந்தா மல்லாந்து விழுந்து, வாயைப் பொளந்து, நாக்கைத் தொங்கவிட்டு செத்த மாதிரி நடிக்கும். நாம குப்புறத் திருப்பிப் போட்டா மறுபடி மல்லாந்துக்கும், 'நான்தான் செத்துட்டேனே'ன்னு :-) அதுக்கும் பின்னால பெரிய பல்லு உண்டு. தேரையைப் பிடிச்சு முழுங்கறதுக்கு. வாய்க்கால்கூட இல்லாத பல்லு, எச்சில்ல லேசான விஷம். வளர்க்கறவங்க, "ஒண்ணும் ஆகாது, மைல்டு"ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க. பெரும்பாலும் சரிதான். ஆனா கையை இரைன்னு நினைச்சு நிமிஷக்கணக்கா மென்னா வீக்கம், கொப்புளம் வந்திருக்கு.

கவனிக்க வேண்டியது, அங்க பாம்பு கண்ணாடிப் பெட்டியில இருக்கு. என்ன இனம்னு பேர் எழுதி வெச்சிருக்கு. பகல் வெளிச்சம். கடிச்சது எதுன்னு சந்தேகமே இல்ல. அந்த நிலைமையில சொன்ன வார்த்தையை அப்படியே தூக்கிட்டு வந்து, மழை ராத்திரி, செங்கல் குவியல், செருப்பில்லாத காலுன்னு இருக்கற இடத்துல போட்டா என்ன ஆகும்?

ரெண்டாவது சம்பவம் அதுதான்.

பச்சைப் பாம்பு செத்து மூணு வாரம் இருக்கும். சாயங்காலம் ஏழு மணி. ஜெனரேட்டர் ஷெட் பின்னால ஓடு அடுக்கிட்டிருந்த தோட்டக்காரரை, நாங்க 'மாலி காக்கா'ன்னு கூப்பிடுவோம் (இங்க காக்கான்னா சித்தப்பா, சிரிக்காதீங்க), கணுக்கால்ல ஏதோ கடிச்சிடுச்சு. ஒருத்தர் செல்போன்ல மங்கலா ஒரு படம் எடுத்து வாட்ஸப் குழுவுல போட்டார். அதே காலேஜ் பையன் பார்த்துட்டு, "கேட் ஸ்நேக். மைல்டு. கவலைப்பட வேண்டாம்"னு எழுதினான். பத்து நிமிஷத்துல இருபது கட்டைவிரல். மஞ்சள் தடவி, டீ குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டோம்.

பூனைப் பாம்பும் சுருட்டைவிரியனும் தூரத்துலேருந்து பார்த்தா அண்ணன் தம்பி. ரெண்டும் பழுப்பு, ரெண்டுக்கும் முதுகுல வெள்ளைக் குறி, ரெண்டும் ராத்திரி சஞ்சாரம். ஒண்ணு மராத்தியில 'மாஞ்சர்யா', இன்னொண்ணு 'ஃபுர்சே'. ஒண்ணு கடிச்சா வீங்கும். இன்னொண்ணு கடிச்சா ரத்தம் உறையற சக்தியே போயிடும்.

காலையில காக்காவோட சம்சாரம் கேட்டுல வந்து நின்னாங்க. ராத்திரி பூரா ஈறுலேருந்து ரத்தமாம். என் வண்டியிலதான் தூக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரியில ஒரு கண்ணாடிக் குழாய்ல ரத்தம் எடுத்து அசைக்காம 20 நிமிஷம் வெச்சு, அப்புறம் சாய்ச்சுப் பார்த்தாங்க. உறைஞ்சிருக்கணும். தண்ணி மாதிரி ஓடிச்சு. என் கண்ணால பார்த்தேன். விஷமுறிவு மருந்து ஏத்தி, எட்டு நாள் கழிச்சு பிழைச்சு வந்தார். பிழைச்சதால இவ்வளவு தைரியமா எழுதறேன்.

இப்ப என் சண்டைக்கு வரேன். 'பாம்புன்னா அடி'ங்கற கோஷ்டியும், 'மைல்டுதான், விடு'ங்கற கோஷ்டியும் எதிரெதிர் கோஷ்டின்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லங்க. ரெண்டும் ஒரே வியாதி. 'விஷம் உண்டு', 'விஷம் இல்ல'ன்னு ரெண்டே பெட்டி வெச்சிக்கிட்டு எல்லாத்தையும் அதுல திணிக்கறது. ஒரு கோஷ்டி எல்லாத்தையும் முதல் பெட்டியில போட்டு ஒரு பாவப்பட்ட பாம்பைக் கொன்னுச்சு. இன்னொண்ணு சந்தேகமானதை ரெண்டாம் பெட்டியில போட்டு ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்துச்சு.

வங்கியில நாங்க கடனையே இப்படிப் பிரிக்கறதில்ல. தவணை தவறின கணக்கு உடனே வாராக்கடன் ஆயிடாது. அதுக்கு முன்னால 30 நாள், 60 நாள், 90 நாள்னு மூணு படி, 'கண்காணிப்புக் கணக்கு'. ரிசர்வ் பேங்க் பணத்துக்கே இவ்வளவு யோசிக்குது. உயிருக்கு நடுவுல ஒரு பெட்டி வைக்கக் கூடாதா?

'நிபுணர் சொன்னா சரிதானே'ம்பீங்க. 1957ல சிகாகோவுல கார்ல் ஷ்மிட்னு ஒரு பாம்பு அறிஞர். பின்பல் வகையான பூம்ஸ்லாங் குட்டி ஒண்ணு கடிச்சது. பெரிசா எடுத்துக்கல. என்னென்ன ஆகுதுன்னு குறிப்பு எழுதிட்டே இருந்தார். மறுநாள் செத்துட்டார். 1975ல ஜெர்மனியில ராபர்ட் மெர்டென்ஸ், அவரும் பெரிய அறிஞர். வீட்டுல வளர்த்த பின்பல் பாம்பு கடிச்சு 18 நாள் கழிச்சுப் போயிட்டார். ரெண்டும் ஆப்பிரிக்கப் பாம்புங்க. நம்ம வடகிழக்குலயும் செங்கழுத்துப் பாம்புன்னு ஒரு வகை இருக்கு. ரொம்ப நாள் சாதுன்னு நினைச்சிட்டிருந்தாங்க. அந்த இனம் கடிச்சு ரத்தம் உறையாம ஆபத்தான கட்டத்துக்குப் போனவங்க உண்டு. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான். இதுக்கு அது கேட்காது.

அதுக்காக எந்தப் பாம்பு கடிச்சாலும் உடனே ஊசி போடுங்கன்னு டாக்டரோட மல்லுக்கு நிக்கறதும் தப்பு. அது குதிரை ரத்தத்துலேருந்து எடுக்கற மருந்து. சிலருக்கு கடுமையான ஒவ்வாமை வரும். பச்சைப் பாம்புக் கடிக்கு அது தேவையும் இல்ல. பாம்போட பேரை வெச்சு இல்ல, உடம்புல தெரியற அறிகுறியையும் அந்தக் கண்ணாடிக் குழாயையும் வெச்சுத்தான் முடிவு எடுக்கணும். அது நம்ம வேலையே இல்ல. ஆஸ்பத்திரி வேலை.

2020ல வந்த ஒரு ஆய்வுப்படி 2000லேருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில சுமார் 12 லட்சம் பேர் செத்திருக்காங்க. வருஷத்துக்கு 58,000. ஏறக்குறைய பாதி மழைக்கால நாலு மாசத்துல.

நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு இன்னொரு சிக்கல். ஊர்ல இருந்தா ஒரு பெரியவர் பார்த்துட்டுப் பேர் சொல்லிடுவார். இங்க பாம்பு வேற பேர்ல திரியுது. நமக்கும் தெரியாது, பீகார்லேருந்து வந்த வாட்ச்மேனுக்கும் தெரியாது. அதனால இந்த வாரமே செய்யுங்க. உங்க ஊர்ல நாலு பெரும் பாம்புக்கு என்ன பேர்னு கேட்டு வைங்க. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில இருக்குன்னு போன் பண்ணிக் கேளுங்க. கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, காலை அசைக்காம வண்டியில ஏத்துங்க. கடிக்காத பாம்பா? தள்ளி நின்னு பாம்பு பிடிக்கறவரைக் கூப்பிடுங்க. கட்டையைக் கீழ போடுங்க.

அந்தப் பையனைத் திட்டி நாலு பேர் குழுவுல எழுதினாங்க. எனக்கு மனசு வரல. பச்சைப் பாம்புக்காக வாதாடின ஒரே ஆள் அவன்தான். அவன் தெரிஞ்சதைச் சொன்னான். தெரியாம தலையாட்டினது நாங்க.

அந்த இருபது கட்டைவிரல்ல ஒண்ணு என்னோடது.

காக்கா மறுபடி வேலைக்கு வந்துட்டார். இப்ப ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு வர்றார். அதை வாங்கிக் குடுக்கணும்னு எங்க யாருக்கும் அதுக்கு முன்னால தோணினதே இல்ல.